நிலத்தைப் பறித்தவர் செழிக்கும்போது கர்த்தருக்குக் காத்திருப்பது எப்படி: பறிகொடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வங்கிக் கடனுக்காக வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைக் காட்டுவது) எடுத்தபோதுதான் எங்கள் அப்பாவின் பனை விளை வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஓரம், 62 சென்ட், நாற்பது பனைக்கு மேல் நின்றது. அப்பா இறந்து ஏழு மாதம் கழித்து, அப்பாவே நேரில் வந்து கையெழுத்துப் போட்டதாக ஒரு பொது அதிகார ஆவணம் (அவருக்குப் பதிலாக இன்னொருவர் விற்கலாம் என்று கொடுக்கும் பவர் பத்திரம்) பதிவாகியிருந்தது. அதை வைத்துக் கிரயமும் முடிந்திருந்தது. செய்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரே சபை.

இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார், ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். முதல் தீர்ப்பு வரவே ஏழு வருடம் ஆனது. எங்கள் பக்கம்தான் தீர்ப்பு. அவர் மேல்முறையீடு போட்டிருக்கிறார். அது இன்னும் நடக்கிறது. இதற்குள் அந்த விளையில் பனைகள் போய், சுற்றுச்சுவரும் மாடி வீடும் வந்துவிட்டன.

இந்த ஒன்பது வருடத்தில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், காத்திரு" என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. எப்படிக் காத்திருப்பது, அந்த நாட்களில் கையால் என்ன செய்வது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதே நிலையில் புதிதாக வந்து நிற்கிற விசுவாசிக்காக எழுதுவது இது. சட்ட விவரங்களை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் ஏழு நாள்: அவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள்

விஷயம் தெரிந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு நான் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் காலையில் அவர் ஸ்டேஷனில் என் மேல் மிரட்டல் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்கிவிட்டார். ஐந்து வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ரசீதைக் காட்டித்தான் அவர் வக்கீல் என்னிடம் முதல் கேள்வியைக் கேட்டார். நிலத்தை இழந்தவன் நான், மிரட்டியவன் என்ற பெயரும் எனக்கே.

37-ஆம் சங்கீதத்தில் முதல் எட்டு வசனத்துக்குள் மூன்று முறை எரிச்சல் வேண்டாம் என்று வருகிறது. எட்டாம் வசனம் காரணத்தையும் சொல்கிறது: "பொல்லாப்புச் செய்ய ஏதுவான எரிச்சல் உனக்கு வேண்டாம்." எரிச்சல் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இளைஞனாயிருந்து முதிர்வயதும் ஆனேன் என்று அதே சங்கீதத்தில் சொல்கிற மனிதர் அவர்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக இருங்கள் என்று சொல்லவில்லை. சத்தம் போட வேண்டும் என்றால் கர்த்தரிடம் போடுங்கள். எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேட்கவில்லையே என்று ஆபகூக் தீர்க்கதரிசி கேட்டார். அந்தக் கேள்வி வேதத்தில் அப்படியே இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. நான் அந்த வாரம் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் மறுபடியும் அவர் வீட்டு வாசலுக்குப் போகாமல் இருக்க முடிந்தது.

இந்த ஏழு நாளில் செய்யக்கூடாதவை இன்னும் சில உண்டு. போனில் அவரைத் திட்டாதீர்கள், அது பதிவாகும். சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். எந்த வெற்றுத் தாளிலும், எந்த முத்திரைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சமாதானமாப் போயிடலாம் அண்ணாச்சி, இதில் ஒரு கையெழுத்து மட்டும்" என்று முதல் வாரத்திலேயே ஒருவர் வருவார்.

2. தெரிந்த தேதியை எழுதி வையுங்கள்

மோசடி ஆவணத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குக் காலக்கெடு 3 வருடம். மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. உரிமையை வைத்துச் சுவாதீனம் (நிலத்தைக் கைவசம்) கேட்கும் வழக்குக்கு 12 வருடம். உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, என்றைக்குத் தெரிந்தது என்பதைக் காட்டும் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது. எனக்கு அது வங்கிக்காக எடுத்த வில்லங்கச் சான்றின் தேதி.

"கர்த்தருடைய வேளை வரும்" என்று நாலு வருடம் ஜெபித்துவிட்டு வக்கீலிடம் போன ஒரு அம்மாவை நீதிமன்ற வராண்டாவில் பார்த்தேன். முக்கியமான வழி அவருக்கு அடைபட்டுப் போயிருந்தது. அவருடைய ஜெபத்தில் குறை இல்லை. காலக்கெடு ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

3. காகிதங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எரேமியா புத்தகம் 32-ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். நாடே கையை விட்டுப் போகப்போகிற நேரத்தில் கர்த்தர் அவரை ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கச் சொல்கிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதுகிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதி. அநேக நாள் இருக்கும்படி அவற்றை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். பத்திரத்தை ஒழுங்காக வைப்பது விசுவாசத்துக்கு வெளியே உள்ள காரியம் என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

வாங்க வேண்டியவை:

வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் புதிய உட்பிரிவு எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். நான் முதலில் பழைய எண்ணில் மட்டும் தேடியதால், இரண்டாவதாக நடந்த ஒரு அடமானம் எட்டு மாதம் என் கண்ணில் படவில்லை.

மோசடி ஆவணத்தின் சான்றிட்ட நகல். பதிவான ஆவணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அதில் யார் சாட்சி, யார் எழுதியது, யாருடைய புகைப்படம் ஒட்டியிருக்கிறது எல்லாம் தெரியும். விரல் ரேகைப் பதிவு பற்றியும் கேளுங்கள். ஆள்மாறாட்டத்தில் அதுதான் பேசும்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலம் யார் பெயரில், எவ்வளவு, எந்த வடிவில் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவுகள்). வருவாய்த்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்த அன்றே அச்செடுத்துத் தேதி எழுதுங்கள். பின்னால் பெயர் மாறினால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அந்தத் தாள் உதவும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அசலில் ஐந்தாறு பிரதி வாங்கி வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.

மூலப்பத்திரம், தீர்வை ரசீதுகள், மின் இணைப்பு இருந்தால் அதன் அட்டை, பழைய புகைப்படங்கள். எங்கள் அப்பா பனையேறிக்கு விளையைக் குத்தகைக்கு விட்டு எழுதி வைத்த ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதைப் பழைய பேப்பரோடு போட இருந்தோம். சாட்சி விசாரணையில் அந்த நோட்டு மிகவும் உதவியது.

ஏதாவது அலுவலகம் நகல் தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை மனுவின் நகலோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள்.

எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வக்கீலிடம், ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற நம்பிக்கையானவரிடம். அசலை யார் கேட்டாலும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாள்வரை கொடுக்காதீர்கள்.

4. சபைக்குள் முதலில் பேசுங்கள், ஆனால் கெடு வையுங்கள்

எதிராளியும் விசுவாசி என்றால் மத்தேயு 18-ல் சொல்லியபடி போக வேண்டும். முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அப்புறம் சபைக்குத் தெரியப்படுத்துவது. சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் கடிந்துகொள்கிறார். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்கிறார். அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்து நேரே நீதிமன்றத்துக்கு ஓட எனக்கு மனம் வரவில்லை.

தனியாகப் போனேன். வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். மூத்தவர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனேன். "பத்திரம் இருக்கு, பாத்துக்கோங்க" என்றார். பிறகு ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரிடம்) எழுத்தாகக் கொடுத்தேன். ஐயர் இருவரையும் அழைத்தார். எதிராளி ஒரு தடவை வந்தார், அடுத்த மூன்று தடவையும் வரவில்லை. இதற்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்துக்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் யாராவது "சபையில் பேசியிருக்கலாமே" என்றால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறது. ஆனால் நீங்கள் மூன்று மாதம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். நடந்த ஒவ்வொரு பேச்சின் தேதியையும், யார் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

சபைப் பேச்சு வேறு, கட்டப்பஞ்சாயத்து வேறு. கமிஷன் கேட்டுக்கொண்டு கார் போட்டு வருகிறவர்களிடம் உங்கள் காகிதத்தைக் காட்டவே காட்டாதீர்கள்.

5. வழக்குப் போடுவது விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்வியால் எனக்குப் பல மாதம் தூக்கம் போனது. கடைசியில் வேதத்தில் நிலத்துக்காக முறையிட்டவர்களைத் தேடிப் படித்தேன். சூனேம் ஊர்க்காரி பஞ்சத்துக்காக ஏழு வருடம் பெலிஸ்தர் தேசத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடம் நேரே போய் முறையிடுகிறாள். அதே நேரத்தில் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி ராஜாவிடம் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வயல் கிடைக்கிறது; அவள் இல்லாத நாட்களின் வருமானமும் சேர்ந்து கிடைக்கிறது. முறையிட்டது அவள், அந்த நேரத்தை ஒழுங்கு செய்தது கர்த்தர். பவுலும் ரோம ஆளுநர் பெஸ்துவுக்கு முன் நின்றபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடம் மேல்முறையீடு கேட்டார். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்த அவர் கூச்சப்படவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

காவல்துறைப் புகார்: ஆள்மாறாட்டமும் போலி ஆவணமும் குற்றங்கள். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173, 175 பிரிவுகள் இதைச் சொல்கின்றன.

சிவில் வழக்கு: குற்ற வழக்கு தனி, நிலத்தை மீட்கும் வழக்கு தனி. போலீஸ் புகார் கொடுத்தாயிற்று என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பிராதோடு (வழக்கு மனுவோடு) சேர்த்து இடைக்காலத் தடை மனுவும் போடச் சொல்லுங்கள். நான் தாமதித்தேன், அதற்குள் அஸ்திவாரம் எழும்பிவிட்டது.

செலவு: நீதிமன்றக் கட்டணம் வழக்கின் வகையையும் சொத்து மதிப்பையும் பொறுத்தது. வக்கீல் சொல்லும் தொகையில் எது நீதிமன்றக் கட்டணம், எது அவருடைய ஃபீஸ் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். முதல் தீர்ப்பு வரை எனக்கு வக்கீல் ஃபீஸ், நகல்கள், இடத்தைப் பார்வையிட வந்த வழக்கறிஞர் ஆணையருக்குக் கட்டியது, பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சம் ஆனது. ஒரேயடியாகக் கேட்கவில்லை, ஏழு வருடத்தில் சிறுகச் சிறுகப் போனது.

பணம் இல்லாதவர்கள் ஒதுங்கிவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் இதற்கான அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. எங்கள் வழக்கில் என் அக்காவும் வாரிசு. அக்கா பெயரில் கேட்டிருந்தால் இலவசமாகவே நடத்தியிருக்கலாம் என்பது எனக்கு ஆறாம் வருடத்தில்தான் தெரிந்தது.

6. இரண்டு நோட்டு

ஒன்றில் வழக்கு: வாய்தா தேதி, அன்று என்ன நடந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், அடுத்த தேதி. வழக்கின் 16 இலக்கத் தனி அடையாள எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதைப் போட்டால் நீதிமன்றங்களின் இணையதளத்திலும் செயலியிலும் அடுத்த தேதியை நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்றில் ஜெபம். 37-ஆம் சங்கீதத்தில் 40 வசனம். நாளைக்கு நான்கு என்று எழுதினால் பத்து நாளில் முடியும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். வசனத்துக்குக் கீழே அன்றைக்கு என் மனதில் இருந்ததை அப்படியே எழுதுவேன். சில நாள் எழுதியதைப் பிறர் படித்தால் பயப்படுவார்கள். இரண்டாம் வருட நோட்டை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர் இருக்கிறது. ஆறாம் வருட நோட்டில் பிள்ளைகளின் படிப்பு, அக்காவின் முழங்கால், மழை என்று மற்றவையும் வந்திருக்கின்றன. நான் வேண்டுமென்று மாற்றவில்லை. அது தானாக மாறியது.

7. விசுவாசிகள் விழுகிற பொறிகள்

லஞ்சம். "எல்லாரும் கொடுக்கிறாங்க, நியாயம் நம்ம பக்கம்தானே" என்று தோன்றும். பவுலிடமிருந்து பணம் வரும் என்று எதிர்பார்த்து ரோம ஆளுநர் பேலிக்ஸ் அடிக்கடி அவரை அழைத்துப் பேசினான். பவுல் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் காவலிலேயே கிடந்தார். இதை நான் வாசிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வருடத்தை நாட்களாக எண்ணிப் பார்ப்பேன். சட்டப்படியும், 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நகல் கிடைக்க நாலு மாதம் ஆனது. கொடுத்திருந்தால் மறுநாளே கிடைத்திருக்கும். அந்த நாலு மாதமும் கஷ்டம்தான்.

பொய்க்குப் பொய். "நாமளும் ஒரு பழைய ஒப்பந்தம் தயார் பண்ணலாம்" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். ஒரு பொய்க் காகிதம் போதும், உங்கள் நிஜக் காகிதங்கள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். அதைவிடப் பெரிய நஷ்டம், அன்று ராத்திரி நீங்கள் ஜெபிக்க முழங்கால் போட முடியாது.

தேதி சொல்கிற தீர்க்கதரிசனம். இதில் நான் விழுந்தேன். ஒரு ஜெபக் கூட்டத்தில் "மூன்று மாதத்தில் உன் எல்லை திரும்ப வரும், விதை காணிக்கை போடு" என்று எனக்குச் சொன்னார்கள். கையில் இருந்த 10,000 ரூபாயைக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆனபோது எதிராளி இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போட்டார். நிலம் வராததைவிட, கர்த்தர் என்னிடம் சொன்ன வார்த்தையை மாற்றிவிட்டாரோ என்று நினைத்ததுதான் என்னை அதிகமாக உடைத்தது. அவர் அப்படி ஒரு வார்த்தையே சொல்லவில்லை என்பது புரிய வெகு காலம் ஆனது. யார் தேதி சொன்னாலும், பணத்தோடு சேர்த்துச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

சாபம். அவர் வீட்டில் ஒரு நோய், ஒரு விபத்து என்றால் நம் ஆட்களே வந்து "பாத்தீங்களா, கர்த்தர் கேட்டுட்டார்" என்பார்கள். அவர் மகனுக்கு டெங்கு வந்து தூத்துக்குடியில் படுத்திருந்தபோது என்னிடமும் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது, அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் உதடு மட்டும்தான் அசைந்தது.

8. அவர் தழைப்பதைப் பார்க்கிற நாள்

எல்லாப் படியிலும் கடினமானது இதுதான். இதற்கு எந்த அலுவலகத்திலும் மனுப் போட முடியாது.

மூன்றாம் வருட அசனப் பண்டிகையில் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பண்டிகை) அவர் இரண்டு மூட்டை அரிசியும் இரண்டு ஆடும் கொடுத்திருந்தார். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கள் விளைப் பனையை விற்ற காசு அந்த இலையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எழுந்துவிட்டேன். என் மனைவி பின்னாலேயே வந்து, "இது கர்த்தர் வீட்டுச் சாப்பாடு. அவர் யார் யாருக்கு இலை போட்டாரோ அவங்க சாப்பிடுறாங்க. நீங்க வந்து உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை என்றாலும் உட்கார்ந்தேன்.

73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் இதே இடத்தில் நிற்கிறார். துன்மார்க்கன் நன்றாக வாழ்வதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகவும், கால் சறுக்கப் பார்த்ததாகவும், தன் இருதயத்தைச் சுத்தமாக வைத்தது வீண்தானோ என்று நினைத்ததாகவும் வெளிப்படையாகச் சொல்கிறார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் அவருக்குப் பார்வை மாறுகிறது. அதனால் நான் சொல்வது: என்ன ஆனாலும் ஆராதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். எதிராளி முன்வரிசையில் இருந்தால் நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். நான் நாலு மாதம் நிறுத்தினேன். அந்த நாலு மாதத்தில் என் மனதில் அவர் இன்னும் பெரியவராக வளர்ந்தாரே தவிர சிறுக்கவில்லை.

37-ஆம் சங்கீதம் கொடியவனைப் பச்சைமரத்துக்கு ஒப்பிடுகிறது. தழைத்து நின்றான், பிறகு தேடினேன், காணப்படவில்லை என்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை வருடம் என்று அது சொல்லவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகாப் ராஜா ஆசைப்பட்ட திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்த நாபோத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஆகாபின் பெயரில் எழுதி, ஆகாபின் முத்திரை போட்ட நிருபங்கள், இரண்டு பொய்ச்சாட்சிகள். நம் வழக்குகளில் வருகிற அதே இரண்டு காரியம். கர்த்தர் எலியா தீர்க்கதரிசியை அந்தத் தோட்டத்துக்கே அனுப்பி ஆகாபைக் கேட்டார். ஆனால் நாபோத் அதற்குள் கல்லெறியுண்டு செத்துப்போயிருந்தான். அதுமட்டுமல்ல, ஆகாப் தன்னைத் தாழ்த்தியபோது தண்டனை அவன் மகன் நாளுக்குத் தள்ளிப்போனது. அவனுக்கும் கர்த்தர் பொறுமை காட்டினார். ஆகவே உங்கள் நிலம் கட்டாயம் திரும்ப வரும் என்று நான் எழுத மாட்டேன். கர்த்தர் அந்தத் தோட்டத்தை மறக்கவில்லை என்பதை மட்டும் எழுதுவேன். அதை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் வாழ முடிந்திருக்கிறது.

9. வாய்தா நாட்கள்

வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருக்கும். மே மாதம் விடுமுறை. பத்தரைக்குள் போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது நீங்களும் வக்கீலும் இல்லை என்றால் வழக்குத் தள்ளுபடி ஆகலாம். அப்படி ஆனால் 30 நாளுக்குள் மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போட வேண்டும். "நீங்க வர வேண்டாம், நான் பாத்துக்கிறேன்" என்று வக்கீல் சொன்னாலும் சாயங்காலம் செயலியில் தேதியைப் பாருங்கள்.

மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போய்ப் பேசுங்கள். அங்கே சமரசம் ஆனால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் அன்றே நகல் மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக் கணக்கிடுவார்கள் என்பதால் மனுப் போட்ட தேதி முக்கியம்.

வராண்டாவில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன வழக்கு என்று கேளுங்கள். எனக்கு 15100 என்ற எண்ணைச் சொன்னது அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர்தான்.

10. நீங்கள் இல்லாத நாளுக்கும் ஒழுங்கு செய்யுங்கள்

வழக்கு நடக்கும்போது வாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும். அதை மீட்க இன்னும் 60 நாள் உண்டு. துக்க வீட்டில் இதை யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால் இப்போதே சொல்லி வையுங்கள்.

எனக்கு இப்போது 58 வயது. போன மாதம் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். நீல நிற ஃபைல், அலமாரியின் மேல்தட்டு, பிளாஸ்டிக் உறைக்குள். முதல் பக்கத்தில் வழக்கு எண், வக்கீல் நம்பர், அடுத்த வாய்தா தேதி. அதற்குக் கீழே அப்பாவின் இறப்புச் சான்றிதழ் மூன்று பிரதி. "ஜெப நோட்டையும் இதிலேயே வைக்கவா அப்பா?" என்று கேட்டாள். வை என்றேன்.